ஈந்தின் ஆண் பூவும் ‘மாறாத செடி’ என்ற பேச்சும்

கேள்வி, ஏப்ரல் 6

அக்கா, கூடலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா தோட்டத்தின் மேல் எல்லையில், காட்டை ஒட்டிய சரிவில், ஈந்து மரம் ஐந்தாறு நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் குட்டைத் தென்னை மாதிரி இருக்கும். அதில் ஒன்றில், நடுக்குருத்து வரவேண்டிய இடத்தில், அன்னாசிப்பழத்தை நீட்டி விட்டது போல ஒன்று கிளம்பியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் ஒருவர் வந்து, “இதுதான் மதனகாமப்பூ, வெட்டிக் கொடுங்கள்” என்று விலை பேசுகிறார். என் மாமா மகன், “டைனோசர் காலத்திலிருந்து கொஞ்சமும் மாறாத செடிடா. இத்தனை கோடி வருஷம் தாக்குப்பிடித்தது, ஒரு பூவை வெட்டினால் போய்விடுமா?” என்கிறான். மாறாத செடி என்பது உண்மையா? வெட்டிக் கொடுக்கலாமா?

ஏப்ரல் 6, இரவு

வெட்ட வேண்டாம் தம்பி. காரணத்தைச் சொல்கிறேன்.

அது பூ இல்லை. ஆண் கூம்பு. ஈந்து என்று நீங்கள் சொல்லும் சைக்கஸ் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. பூக்கும் செடிகளோடு அதற்கு நெருங்கிய உறவே கிடையாது. விதையைக் கனிக்குள் மூடி வைக்காமல் வெளியே விட்டு வளர்க்கும் கூட்டம் அது. பைன், ஜின்கோ எல்லாம் அந்தப் பக்கத்து உறவுகள்.

சைக்கஸும் அதன் நெருங்கிய உறவுகளும் சேர்ந்த கூட்டத்துக்கு ‘சைக்கட்’ என்று பெயர். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, ஒன்றில்கூட விதிவிலக்கு இல்லை. உங்கள் சரிவில் ஐந்தாறு மரங்கள்தான் என்றால், கூம்பு விட்டிருக்கும் ஆண் இந்த வருஷத்துக்கு அந்த ஒன்றாகவே இருக்கலாம். அதை வெட்டினால் பெண் மரம் சும்மா காத்திருந்துவிட்டு அடுத்த குருத்துக்குப் போய்விடும்.

மகரந்தம் காற்றில் உதிர்ந்து முடியட்டும். அதற்குப் பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். ‘மாறாத செடி’ பற்றி நாளை எழுதுகிறேன். கல்லூரியில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 7, காலை

நேற்று எழுதியதில் ஒன்று தவறு. ‘காற்றில் உதிரும்’ என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். 1990-களில் நாங்கள் படித்த பாடத்தில் அப்படித்தான் இருந்தது: கூம்பு விடுகிற செடி, ஆகவே காற்று, பைனைப் போல. தூக்கம் வராமல் யோசித்தபோது சித்தப்பா தோட்டத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கண்ணால் பார்த்த நானே பாடத்தை எழுதியிருக்கிறேன்.

2011-இல் ஆனைமலை அடிவாரத்தில் சித்தப்பா தோட்டத்து ஈந்து ஆண் கூம்பு விட்டது. முழங்கை நீளம், செம்பழுப்பு, மேலெல்லாம் வெல்வெட் மாதிரி மயிர், ஒவ்வொரு செதிலின் நுனியும் முள்ளாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பகலில் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் தோட்டம் முழுக்க ஒரு வாடை. கெட்ட வாடை என்று சொல்ல முடியாது. புளித்த பழமும் மண்ணெண்ணெயும் கலந்தது போல மூக்கைத் துளைத்தது. கூம்பில் கை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. வெயில் காய்ந்த சூடாக இருக்கும் என்று நினைத்து, ஏழரை மணிக்கு மறுபடி வைத்தேன். இன்னும் கூடியிருந்தது. கோழி முட்டை பொரிக்கும் பெட்டியில் கிடந்த வெப்பமானியை எடுத்து வந்து செதில்களுக்கு இடையில் செருகினோம். வெளியே 26, உள்ளே 32. அதை வெளியே எடுத்தபோது முனையில் எள்ளளவு பழுப்பு வண்டுகள் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தன, உடம்பெல்லாம் மஞ்சள் பொடி.

காற்றுக்கு மணமும் சூடும் எதற்கு? பூச்சியைக் கூப்பிடத்தான். ஆஸ்திரேலியாவில் மக்ரோஸாமியா என்ற உறவுச் செடியில் இதை நுணுக்கமாக ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். அங்கே வேலை செய்வது இலைப்பேன். பகலில் ஆண் கூம்பு சுற்றியிருக்கும் காற்றைவிட 12 டிகிரி வரைகூடச் சூடாகி, நெடியைக் கடுமையாக வீசும். பேன்கள் தாங்க முடியாமல் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியே ஓடும். அந்நேரம் பெண் கூம்பு அதே வாசனையை மென்மையாக விடும். ஓடியவை அங்கே நுழையும். பொழுது சாய்ந்து ஆண் கூம்பு ஆறியதும் திரும்பி வரும். துரத்துவதும் அழைப்பதும் ஒரே வாசனை, அளவுதான் வேறு. இதைப் படித்த அன்று முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஏப்ரல் 7, மாலை

கூம்பு என்றதும் இன்னொரு திருத்தம். உங்கள் பெண் மரத்தில் கூம்பைத் தேடாதீர்கள், இருக்காது. மற்ற உறவுச் செடிகளில் எல்லாம் பெண்ணும் கூம்பு விடும். சைக்கஸ் பெண் மட்டும் உச்சியில் ஒரு சுற்று சிறு இலைகளை விடும். பழுப்பு மயிர் மூடி, கை விரல்களைக் குவித்தது போல இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஜோடி ஜோடியாகச் சூல்கள். இலை, தன் ஓரத்தில் விதையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. விதை தாங்கும் உறுப்பு இலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று சொல்ல இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டாம். அது காய்த்து முடிந்ததும் நடுவில் குருத்து வழக்கம்போல் கிளம்பும். ஆண் மரத்தில் கூம்பே உச்சியை அடைத்துக்கொள்வதால், பக்கத்தில் புது மொட்டு வந்துதான் மரம் மேலே போகும்.

ஏப்ரல் 9

ஜவ்வரிசி இதிலிருந்து வருகிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவு. அதற்கு முன் கப்பலில் வந்தது இந்தோனேசியப் பக்கத்து சாகோ பனையின் தண்டு மாவு. சைக்கஸ் தண்டிலும் மாவு உண்டு, அதனால் ஆங்கிலத்தில் இதையும் ‘சாகோ பனை’ என்று எழுதிக் குழப்பிவிட்டார்கள். நர்சரிக்காரர்களும் அதே பெயரில்தான் விற்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் நம்மிடமும் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஈந்தின் இலை வேய்ந்த குடிசை வருமே, அது ஈச்சமரம். மலையாளக் கரையில் ஈந்து என்றால் சைக்கஸ். கூடலூர்ப் பேச்சில் இரண்டு பக்கமும் கலந்திருப்பதால் உங்களுக்கு அது ஈந்து. மேற்குத் தொடர்ச்சி மலைக்காரச் செடி இது. மலபார்ச் செடிகளைப் பற்றி 1682-இல் வந்த ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலின் மூன்றாம் தொகுதியில் டச்சுக்காரர் வான் ரீடு இதைப் பக்கம் பக்கமாகப் படம் போட்டிருக்கிறார். லின்னேயஸ் 1753-இல் சைக்கஸ் சிர்சினாலிஸ் என்று பெயர் வைத்தபோது கையில் வைத்திருந்த ஆதாரங்களில் அந்தப் படங்களும் உண்டு. உலகத்துக்கு சைக்கஸ் என்ற பேரினமே நம் பக்கத்து மரத்தை வைத்துத்தான் அறிமுகமானது.

அந்தப் பெயரே ஏடு படி எடுத்தவர்களின் பிழை என்கிறார்கள். ஒருவகைப் பனையைக் குறித்த ‘கொய்க்காஸ்’ என்ற கிரேக்கச் சொல் எங்கோ ‘கைக்காஸ்’ ஆகிவிட்டது. நம் ஓலைச்சுவடிகளில் நடக்காததா?

ஏப்ரல் 10

இன்று ஆண் கூம்பைப் பற்றியே இன்னும் கொஞ்சம், ஏனென்றால் உங்கள் சரிவில் வெட்டக் கேட்பது எதை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மகரந்தம் சூலில் விழுந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. சூலின் முனையில் ஒரு துளி ஈரம் கசிந்து நிற்கும். தூள் அதில் ஒட்டி, துளி வற்றும்போது உள்ளே இழுக்கப்படும். உள்ளே ஒரு குழாயை விட்டு, வேர் பிடித்தது போல உட்கார்ந்து, சில மாதங்கள் உண்டு வளரும். பிறகு குழாய் உடையும். அதிலிருந்து இரண்டு விந்தணுக்கள் வெளியே வந்து நீந்தும்.

ஆமாம், நீந்தும். பாசியும் பெரணியும் மழைநீரில் செய்வதை இந்த மரம் தன் விதைக்குள் ஒரு சொட்டு நீரை வைத்துக்கொண்டு செய்கிறது. உலகத்தில் இன்று விதைச் செடிகளில் நீந்தும் விந்தணு மிச்சமிருப்பது இந்தக் கூட்டத்திலும் ஜின்கோவிலும் மட்டும்தான். இதைக் கண்டவர்கள் இரண்டு ஜப்பானியர்கள், இரண்டும் 1896-இல். ஹிராசே ஜின்கோவில் பார்த்தார், இகேனோ சைக்கஸில் பார்த்தார். ஹிராசே பல்கலைக்கழகத்தில் படம் வரைபவராக வேலைக்குச் சேர்ந்தவர். கண்ணும் கையும் பழகியவர் பார்த்தார், பட்டம் பெற்றவர்கள் அதுவரை பார்க்கவில்லை.

ஸாமியா என்ற அமெரிக்க உறவில் ஒரு விந்தணு 0.4 மில்லிமீட்டர் வரை வரும். வெறும் கண்ணுக்கே தெரியும், வெயில் கீற்றில் மிதக்கும் தூசி போல. பம்பரத்தில் சாட்டை சுற்றிய மாதிரி ஒரு திருகுப் பட்டை, அதில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள். செடி உலகத்தில் இந்த அளவுக்குப் பெரிய விந்தணு அபூர்வம். நான் நுண்ணோக்கியில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், சைக்கஸினுடையது. மெதுவாகச் சுழன்றுகொண்டே போனது. நின்றதும் ஆய்வகத்தில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏப்ரல் 13

‘மாறாத செடி’. வாக்குக் கொடுத்து ஒரு வாரமாகிவிட்டது.

உங்கள் மாமா மகன் சொல்வதில் பாதி சரி. வம்சம் பழையது. சீனாவின் பெர்மியன் காலப் பாறைகளில், 27 கோடி வருஷத்துக்கும் முந்தியவற்றில், இன்றைய சைக்கஸ் பெண் இலையை நினைவூட்டும் விதை தாங்கும் இலைகள் கிடைத்திருக்கின்றன. டைனோசர்களுக்கு முந்திய வம்சம் என்பதில் தகராறு இல்லை. நம் ஊரிலேயே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாறைகளில் சைக்கஸ் இலைகள் பதிந்து கிடக்கின்றன.

ஆனால் வம்சம் பழையது என்றால் இன்று நிற்கும் இனமும் பழையது என்று ஆகுமா? ஒரு குடும்பம் ஆயிரம் வருஷமாக ஓர் ஊரில் இருக்கலாம், இப்போது அந்த வீட்டில் இருப்பவர்கள் எண்பதுகளில் பிறந்தவர்கள்தான். 2011-இல் நத்தாலி நாகலிங்கமும் கூட்டாளிகளும் உலகம் முழுவதிலுமிருந்து சைக்கட் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்று உயிரோடு இருக்கும் இனங்களில் பெரும்பாலானவை கிளைத்தது கடந்த 1 கோடி 20 லட்சம் வருஷங்களுக்குள்தான் என்றது அது. டைனோசர் அழிந்து 6 கோடியே 60 லட்சம் வருஷம் ஆகிறது. ஆக உங்கள் தோட்டத்து இனத்தை எந்த டைனோசரும் பார்த்ததில்லை. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா, ஆசியா என்று சம்பந்தமில்லாத இடங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் புது இனங்கள் கிளைத்திருக்கின்றன. பூமியின் தட்பவெப்பம் மாறிய காலம் அது.

2022-இல் சீனாவில் ஒரு சைக்கஸ் இனத்தின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். அதில் பூச்சியைக் கொல்லும் நச்சு ஒன்றுக்கான மரபணு இருக்கிறது, அது நுண்ணுயிரிடமிருந்து வந்தது. அம்மா அப்பா வழியில் வந்ததில்லை, பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கியது. சும்மா நின்ற செடி செய்கிற வேலையா இது?

வேரையும் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணை லேசாக விலக்கினால் சில வேர்கள் மேல்நோக்கி வளர்ந்து, பவளக்கொத்து போல முட்டு முட்டாகக் கிளைத்திருக்கும். ஒன்றைக் கிள்ளி நறுக்கினால் உள்ளே மெல்லிய பச்சை வளையம் தெரியும். வெளிச்சமே படாத மண்ணுக்குள் பச்சை! அது நீலப்பச்சைப் பாசி. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாகக் கொடுக்கும். கல்லும் மணலுமான சரிவில் உங்கள் மரம் பச்சையாக நிற்பது அதனால்தான். இந்தக் கூட்டு ஆதியிலிருந்தே இருந்தது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2023-இல் தொல்லிலைகளில் உள்ள நைட்ரஜனை அளந்து பார்த்ததில், அழிந்துபோன பழைய கிளைகள் பலவற்றில் அந்தக் கூட்டின் தடயம் இல்லை என்று தெரிந்தது. பிழைத்து வந்த கிளைகள் தனித்தனியாகப் பின்னால் சேர்த்துக்கொண்டவை. கூட்டாளி கிடைத்தவை தங்கின.

மாறாததால் பிழைத்தது என்று சொல்வது எனக்கு இப்போது அநியாயமாகப் படுகிறது. மாறி மாறித்தான் வந்திருக்கிறது, வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு.

ஏப்ரல் 14

புத்தாண்டு அன்று ஒரு திருத்தம். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறையில் இருப்பது சைக்கஸ் இலை என்று எழுதியது சரியில்லை. டிலோஃபில்லம் என்று பெயர், இலையைப் பார்த்தால் அச்சு அசல் ஈந்துதான். ஆனால் அது பென்னட்டிடேலிஸ் என்ற வேறு கூட்டம். ஈந்தோடு நெருங்கிய ரத்த உறவு கிடையாது, முழுவதும் அழிந்துவிட்டது. இலைத்தோலில் காற்றுத்துளை அமைந்திருக்கும் விதத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இரண்டையும் பிரிப்பார்கள். 1932-இல் தொல்தாவர அறிஞர் பீர்பால் சாஹ்னி ராஜ்மகால் மலைப் பாறைகளை வைத்து இந்தக் கூட்டத்துச் செடி ஒன்றை முழுதாக மீட்டு வரைந்து காட்டினார். பூ மாதிரியே ஓர் அமைப்பு அதற்கு.

‘சைக்கட்களின் காலம்’ என்று டைனோசர் படங்களில் வரைந்து வைத்திருக்கும் செடிகளில் பெரும்பங்கு இந்த வேறு கூட்டத்தினுடையது. நானும் அந்தப் படங்களை நம்பி வளர்ந்தவள்தான். உயிரோடு இருக்கிறதே என்பதற்காக, செத்துப்போனவர் சொத்தையும் இதன் பேரில் எழுதிவிட்டோம்.

ஏப்ரல் 17

வீட்டு விஷயம். வாசலில் ஜப்பான் சைக்கஸ் ஒன்று தொட்டியில் இருக்கிறது, 2009-இல் வாங்கியது. வருஷத்துக்கு ஒரு சுற்றுதான் குருத்து விடும். இந்த வாரம் விட்டது. சுருண்ட வெளிர்பச்சை நுனிகள், கம்பளிப் பூனைக்குட்டி வால் மாதிரி. மூன்றாம் நாள் பார்த்தால் சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள், நகம் அளவு, குருத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஐந்தாம் நாள் புழு. ஏழாம் நாள் குருத்தில் ஈர்க்கு மட்டும் மிச்சம். புழுக்களைச் சுற்றி எறும்புகள் காவல். புழு சுரக்கும் தேனை எறும்பு குடிக்கும், பதிலுக்கு எதிரியை விரட்டும்.

அந்தப் பூச்சியின் அறிவியல் பெயர் பாண்டவா. 1829-இல் ஹார்ஸ்ஃபீல்டு வைத்த பெயர். அவர் காலத்து ஐரோப்பியர்களுக்கு நம் புராணப் பெயர்கள்மேல் ஒரு பிரியம். ஈந்தின் நச்சு மற்ற பூச்சிகளைத் துரத்தும், இந்தப் பாண்டவனோ ஈந்தின் பிள்ளை இலையை மட்டுமே குறிவைத்து வாழ்கிறான். நகரத்து வீடுகளில் அழகுக்கு சைக்கஸ் வைக்க வைக்க இவனும் ஊர் ஊராகப் பரவுகிறான்.

மருந்து அடிக்கவில்லை. குருத்து விரியும் இரண்டு மூன்று வாரம் காலையில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சி முட்டைகளைக் கழுவினால் போதும், இலை முற்றியதும் அவன் தொடமாட்டான். இந்த முறை நான் ஊரில் இல்லாமல் விட்டுவிட்டேன், ஒரு வருஷத்து இலை போயிற்று.

ஏப்ரல் 21

விதையைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். என் மாமியார் ஊர் மண்ணார்க்காடு. அங்கே ஈந்தங்காயை நடுவில் வெட்டி வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். பிறகு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, மறுபடி உலர்த்தி இடித்து மாவாக்குவார்கள். மலபார்ப் பக்கம் அதில் உருண்டை பிடித்து இறைச்சிக் குழம்பில் போட்டு வேகவைத்தால் ஈந்தும்பிடி. நான் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல ருசி, லேசாகப் புகை வாசனை. ஆனால் மாமியார் ஒரு நாள் குறைத்துக் காயவைத்தாலும் மாமனார் வாயில் வைக்கமாட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

அதில் சைக்காசின் என்ற நச்சு உண்டு, கல்லீரலைத் தாக்கும். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் ஆஸ்திரேலியாவில் ஒதுங்கியபோது, அங்கத்து மக்கள் இந்த விதையை உண்ட தடயத்தைப் பார்த்து மாலுமிகளும் தின்றார்கள், கடுமையாக வாந்தி எடுத்தார்கள். கப்பல் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சில செத்தன. அங்கத்து மக்களுக்கு ஊறவைத்துக் கழுவும் முறை தெரியும். வந்தவர்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. குவாம் தீவில் சைக்கஸ் மாவு தின்ற சமோரோ மக்களுக்கு, உலகத்தின் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகமாக நரம்பு நோய் வந்தது. மாவுதான் காரணமா என்ற விவாதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு நாய் சைக்கஸ் விதை ஒன்றைக் கடித்து விழுங்கியது. மூன்றாம் நாள் கண் மஞ்சள். வைத்தியரிடம் கொண்டுபோனார்கள், எதைத் தின்றது என்று சொல்லத் தெரியாமல் ஒரு நாள் வீணானது. பிழைக்கவில்லை. வீட்டில் பெண் சைக்கஸ் காய்த்தால், ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும் முன்பே எண்ணிப் பறித்து எடுத்து வையுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

ஏப்ரல் 22

சின்னத் திருத்தம். குவாம் செடியைப் பழைய புத்தகங்களில் சைக்கஸ் சிர்சினாலிஸ் என்றே பார்ப்பீர்கள், அதாவது நம் ஈந்தின் பெயர். 1994-இல் அதைத் தனி இனமாகப் பிரித்து மைக்ரோனேசிகா என்று பெயர் கொடுத்தார்கள். ஆகவே ‘ஈந்து தின்றால் நரம்பு நோய்’ என்று யாராவது பழைய கட்டுரையைக் காட்டினால், எந்த மரத்தைப் பற்றி எழுதியது என்று முதலில் பாருங்கள். அந்த குவாம் மரங்களுக்கே இப்போது ஆபத்து. 2003 வாக்கில் வெளியூர்ச் செடிகளோடு வந்த செதில்பூச்சி அங்கே காடு காடாகச் சாய்த்துவிட்டது.

ஏப்ரல் 28

ஒரு மரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ஒங்கோயே என்ற காடு. 1895-இல் தாவரவியலர் ஜான் மெட்லி வுட் அங்கே ஒரு சைக்கட் புதரைக் கண்டார், ஒரே அடியிலிருந்து கிளைத்த சில தண்டுகள், ஆண். என்செஃபலார்டோஸ் வுட்டியை என்று பின்னால் அவர் பெயரே வந்தது. பக்கக்கன்றுகளை எடுத்து டர்பனில் நட்டார்கள், 1899-இல் ஒன்று லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. 1916-இல் காட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்டையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பெண் மரம் கிடைக்கவில்லை. உலகத்தின் பெரிய தோட்டங்களில் இன்று இருக்கும் அத்தனையும் அந்த ஒரே ஆணின் கிளைகள். ஒவ்வொன்றும் கம்பீரமாக ஆரஞ்சுக் கூம்பு விடுகிறது. மகரந்தம் உதிர்கிறது. போய்ச் சேர இடமில்லை. சமீபத்தில் டிரோன் விட்டு மேலிருந்து படமெடுத்து, கணினியை வைத்துப் பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. திருப்பதி மலையிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டும் வளரும் சைக்கஸ் பெட்டோமை. சைக்கஸ்களிலேயே அது ஒன்றுதான் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அதன் ஆண் கூம்பையும் மருந்துக்கென்று வெட்டுகிறார்கள். காட்டுத் தீயை அந்த மரம் தாங்கும், தீ போன பிறகு கருகிய தண்டிலிருந்து புதுக் குருத்து விடும். அரிவாளைத்தான் தாங்காது.

முதல் நாள் நான் எழுதியதில், மகரந்தம் கொட்டிய பிறகு கூம்பைக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றேன். அதையும் திரும்பப் பெறுகிறேன். மெக்சிகோவின் ஸாமியா ஒன்றில் கண்டிருக்கிறார்கள்: மகரந்தம் சுமக்கும் கூன்வண்டு ஆண் கூம்புக்குள்தான் முட்டையிடும், புழு அதன் மாவுச்சத்தைத் தின்று அதற்குள்ளேயே வளரும். பெண்ணுக்குத் தூது போகிற கூலி அது. சித்தப்பா தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த கூம்பை உடைத்தபோது உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்ததை நானே பார்த்திருக்கிறேன், அப்போது அர்த்தம் புரியவில்லை. காய்ந்த கூம்பைக் கொண்டுபோனால் அடுத்த வருஷத்து வண்டையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோகிறோம்.

மரத்திலேயே விடுங்கள் தம்பி. சரக்குக்காரர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

மே 12

நேற்று கூடலூர் போய் வந்தேன். தம்பி வீட்டில் தாத்தாவே கைத்தடியோடு மேல் எல்லை வரை ஏறி வந்தார், எண்பத்துமூன்று வயது. மரங்கள் மொத்தம் ஆறு. ஆண் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது இரண்டு: ஒன்று இந்தக் கூம்பு விட்டது, இன்னொன்றில் பழைய கூம்பின் காம்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது. மூன்று இன்னும் சின்னவை, எதுவும் காட்டவில்லை.

கீழ்ச்சரிவில் பாறைக்குப் பின்னால் நிற்கிற ஆறாவது, பெண். தண்டைச் சுற்றி இலைவடுக்கள் வரிசை வரிசையாக, மீன் செதில் போல. தாத்தா சின்னப் பையனாக இருந்தபோதே அது தன் உயரம் இருந்தது என்கிறார். உச்சியில் மயிர் மூடிய இலைகள் விரிந்து தொங்க ஆரம்பித்திருந்தன. கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் சூல்கள், சிலது கடலைப் பருப்பளவில் நின்றுவிட்டன, சிலது பச்சையாக, புது வேப்பங்காய் அளவுக்கு உப்பியிருக்கின்றன. மகரந்தம் சேராவிட்டாலும் சில சமயம் உப்பும், அதனால் இப்போதே உறுதி சொல்லமாட்டேன். நீந்துவதற்கே இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

ஆண் கூம்பு தலை சாய்ந்து மரத்திலேயே கிடக்கிறது. தட்டினால் கொஞ்சம் மஞ்சள் தூள் இன்னும் வருகிறது. தாத்தா ஒரு செதிலை முகர்ந்து பார்த்து, இந்த வாடை ராத்திரியில் வந்தால் மழை கிட்டே வந்துவிட்டது என்று அவர் அம்மா சொல்வார் என்றார். தம்பி, ஐப்பசியில் காய்களைத் தட்டிப் பார்த்து எழுதுங்கள்.